கஞ்சாவை நிறுத்த மாத்திரையா, கவுன்சலிங்கா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கஞ்சாவுக்கு அடிமையான பெரியவர்களுக்கு மாத்திரையும் கவுன்சலிங் என்கிற பேச்சு சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்து, எது வேலை செய்கிறது என்று வெளிநாடுகளில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். அந்தச் செய்தி அரைகுறையாக நம் பக்கம் வந்து சேரும்போது "மாத்திரை வந்துடுச்சாமே, எந்த மெடிக்கல்ல கிடைக்கும்?" என்று ஆகிவிடுகிறது. பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, ஓசூர் பக்கத்து வீடுகளிலிருந்து கேட்பதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, போதைப் பழக்கத்துக்குக் கவுன்சலிங் பார்ப்பவள். மருந்து எழுதுவது டாக்டர் வேலை.

கஞ்சாவை நிறுத்த மாத்திரை இருக்கிறதா, இல்லையா?

இல்லை. குடிக்கு டைசல்ஃபிராம், நால்ட்ரெக்சோன் போன்றவை உண்டு. ஹெராயினுக்கு பூப்ரெனார்ஃபின், மெத்தடோன் உண்டு. கஞ்சாவுக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. யாராவது "இது கஞ்சா விட வைக்கும் மாத்திரை" என்று பாட்டிலைக் கையில் கொடுத்தால், காசைக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் அந்தப் பாட்டிலைக் காட்டுங்கள்.

அப்படியென்றால் எதைத்தான் சோதிக்கிறார்கள்?

வேறு நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படும் மருந்துகளைத்தான் பெரும்பாலும் எடுத்துப் பார்க்கிறார்கள். சிலது கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற போதைப் பொருளையே அளவாக, மாத்திரையாகவோ வாயில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ கொடுப்பது. சிலது நிறுத்தும்போது வரும் தூக்கமின்மை, எரிச்சலைக் குறைப்பதற்கு. இன்னும் சிலது "இப்போதே வேண்டும்" என்ற அந்த அரிப்பை மூளையிலேயே தணிப்பதற்கு.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அநேகமாக எந்த ஆய்விலும் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. மாத்திரை வாங்கும் பிரிவுக்கும் சரி, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை வாங்கும் பிரிவுக்கும் சரி, வாராவாரம் பேச்சு சிகிச்சையோ வேறு உதவியோ கூடவே உண்டு.

டம்மி மாத்திரை எதற்கு? அது ஏமாற்று வேலை இல்லையா?

பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். புது உரம் நல்லதா என்று தெரிய வேண்டுமென்றால் பாதிப் பாத்திக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால், அந்த வருடம் நல்ல மழை பெய்து காய்த்ததையும் உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கஞ்சாவிலும் அதேதான். ஆய்வுக்கு வருகிறவர் ஏற்கெனவே நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறார். வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து அவரிடம் பேசுகிறார். சிறுநீர் பரிசோதனை நடக்கிறது. இதிலேயே கொஞ்சம் பேர் குறைத்துவிடுவார்கள். மாத்திரை அதற்கு மேல் என்ன செய்தது என்பதுதான் கேள்வி. டம்மி கிடைக்கலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால்தான் ஏமாற்று.

சளிக்குக் கொடுக்கும் மாத்திரை கஞ்சாவுக்கும் வேலை செய்யும் என்று போனில் படித்தேன். உண்மையா?

நீங்கள் படித்தது என்-அசிட்டைல்சிஸ்டீன் பற்றி. சுருக்கமாக நாக் என்பார்கள். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரை. சளியை இளக்கக் கொடுப்பது. பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டவர்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் மாற்று மருந்தாக ஏற்றுவார்கள். டப்பாவைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கந்தகம் இருப்பதால்.

2012-ல் அமெரிக்காவில் 15 முதல் 21 வயது வரை உள்ள 116 பேருக்கு இதை 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் 1200 மில்லிகிராம், மாலையில் 1200. மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீர் பரிசோதனைகளில் சுமார் 41 சதவீதம் கஞ்சா இல்லாமல் வந்தது. டம்மி சாப்பிட்டவர்களிடம் 27 சதவீதம். எல்லோருக்கும் சந்தோஷம். மலிவான மருந்து, பெரிய பக்க விளைவு கிடையாது, இனி என்ன வேண்டும் என்று நினைத்தார்கள்.

அப்புறம்தான் பெரியவர்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. 18 முதல் 50 வயது வரை 302 பேர், 12 வாரம், அதே அளவு மருந்து. கூடவே கஞ்சா இல்லாத சிறுநீர் கொடுத்தால் பரிசு என்ற முறையும் இருந்தது. மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று கண்டுபிடிக்கக் கேப்சூலுக்குள் கொஞ்சம் வைட்டமின் பி2 கலந்திருந்தார்கள்; சாப்பிட்டவரின் சிறுநீர் புற ஊதா விளக்கில் பளிச்சென்று மின்னும். அவ்வளவு கவனமாகச் செய்த ஆய்வு. 2017-ல் முடிவு வெளியானபோது மருந்துப் பிரிவில் கஞ்சா இல்லாத பரிசோதனைகள் 22.3 சதவீதம், டம்மிப் பிரிவில் 22.4 சதவீதம். வித்தியாசமே இல்லை.

ஆகவே முப்பது வயது மகனுக்கு மெடிக்கலில் இதை வாங்கிக் கரைத்துக் கொடுப்பதில் பயனில்லை. முதல் ஆய்வின் செய்தி மட்டும் ஊர் முழுக்கச் சுற்றுகிறது, இரண்டாவதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

கஞ்சா மருந்தையே கொடுத்து கஞ்சாவை நிறுத்த முடியுமா?

கேட்கும்போது விநோதமாக இருக்கும். ஆனால் புகையிலைக்கு நிகோடின் சூயிங்கம் கொடுக்கிறோமே, அதே யோசனைதான்.

2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 156 பெரியவர்களுக்கு ட்ரோனபினால் என்ற டிஎச்சி மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் பேச்சு சிகிச்சையோடு. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நிறுத்தும்போது வரும் தொந்தரவு குறைவாக இருந்தது. சிகிச்சையைப் பாதியில் விடாமல் கடைசி வரை வந்தவர்களும் அவர்களில்தான் அதிகம்: 77 சதவீதம், டம்மியில் 61. ஆனால் கடைசி இரண்டு வாரமும் கஞ்சாவைத் தொடாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு: மருந்தில் 18 சதவீதம், டம்மியில் 16.

2019-ல் ஆஸ்திரேலியாவில் நபிக்சிமால்ஸ் என்ற ஸ்பிரேயை 128 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். எல்லோருக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. இங்கே கொஞ்சம் நல்ல செய்தி. 84 நாளில் ஸ்பிரே பிரிவினர் சராசரியாக 35 நாள் கஞ்சா அடித்தார்கள், டம்மிப் பிரிவினர் 53 நாள். முழுசாக விட்டார்கள் என்று சொல்ல முடியாது, குறைத்தார்கள். தினமும் அடித்துக்கொண்டிருந்தவர் வாரத்தில் மூன்று நாளுக்கு வருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் இது நம் ஊர் கடையில் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை.

"அப்ப கொஞ்சமா கஞ்சாவே அடிச்சுக் குறைச்சுக்கிறேன்" என்று சிலர் இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வில் அளவு டாக்டர் கையில் இருந்தது. பொட்டலம் விற்பவன் கையில் இல்லை.

மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் கஞ்சாவும் தானாக விட்டுப்போகுமா?

போகாது. ஒரு சந்தர்ப்பத்தில் தலைகீழாகவே ஆனது. மனச்சோர்வும் கஞ்சா பழக்கமும் சேர்ந்து இருந்த 103 பேருக்கு வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2013-ல் வெளியானது. கஞ்சாவை விட்டவர்கள் மருந்துப் பிரிவில் 12 சதவீதம் கூட இல்லை, டம்மிப் பிரிவில் 36 சதவீதத்துக்கு மேல்.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு தனி நோய், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். டாக்டரிடம் கஞ்சா பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் பார்த்து மாற்றுவார்.

அப்ப வேலை செய்வது எதுதான்?

இதுவரை வந்த ஆய்வுகளில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பாரம் சுமந்தது பேச்சு சிகிச்சைதான். அமெரிக்காவில் 450 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. அதில் மருந்தே கிடையாது. 9 முறை உட்கார்ந்து பேசியவர்களில் நான்கு மாதத்தில் 23 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். இரண்டே முறை பேசியவர்களில் 9 சதவீதம். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 4 சதவீதம்.

23 சதவீதம்தானா என்று முகம் சுருங்குவது தெரிகிறது. நூறு பேரில் இருபத்து மூன்று பேர் விட்டிருக்கிறார்கள், இன்னும் பலர் குறைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

பேச்சு சிகிச்சை என்றால் என்ன? அறிவுரை சொல்வதா?

அறிவுரைதான் என்றால் எங்களிடம் வரவே வேண்டாம். அம்மா, மாமனார், ஊர்ப் பெரியவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று எல்லோரும் ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார்கள்.

முதலில் நடப்பது ஊக்கமூட்டும் உரையாடல். இப்படிப் போகும்:

"விடணும்னு பத்துக்கு எவ்ளோ மார்க் போடுவீங்க தம்பி?"

"ஒரு நாலு போடலாம் மேடம்."

"சரி. ஏன் ரெண்டு போடல?"

இங்கே கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் அவரே சொல்லுவார்: "பாப்பா பொறந்துருக்கு. போன மாசம் கம்பெனில வார்னிங் குடுத்துட்டாங்க." ஏன் எட்டு போடவில்லை என்று கேட்டிருந்தால் விட முடியாத காரணங்களை அடுக்கியிருப்பார். ஏன் இரண்டு இல்லை என்று கேட்டதால் விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வருகிறது. நாங்கள் சொன்னால் காதில் ஏறாதது, அவரே சொன்னால் ஏறும்.

அடுத்தது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. பேர்தான் பெரிசு. ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொடுப்போம்: எத்தனை மணி, எந்த இடம், கூட யார், அப்போது மனசு எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள். ஒரு வாரம் எழுதிக்கொண்டு வந்தால் போதும், படம் தெளிவாகிவிடும். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். பகல் ஷிஃப்ட் வாரத்தில் நோட்டு காலியாக இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ரூம் நண்பர்களோடு டீக்கடைப் பின்பக்கம் போகிற அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாக் கோடும் நிரம்பியிருக்கும். ஆக, நாள் முழுக்கப் போராட வேண்டியதில்லை, அந்த அரை மணிக்குத்தான் திட்டம் வேண்டும். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்குவதா, இறங்கினதும் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டே நடப்பதா, தூங்குவதற்கு வேறு வழி என்ன என்று அவரோடு உட்கார்ந்து யோசிப்போம். ஆசை கிளம்பினால் அப்படியே ஏறிக்கொண்டே போகாது. பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக இறங்கும். அதைத் தாண்டிப் பார்த்தவருக்குத்தான் அது இறங்கும் என்ற நம்பிக்கை வரும்.

மறுக்கிற பேச்சையும் ஒத்திகை பார்ப்போம், சிரிக்காதீர்கள். "இன்னைக்கு வேணாம் மாப்ள" என்றால் நாளைக்கு வேண்டும் என்று அர்த்தம். நண்பர் நாளைக்கு மறுபடி நீட்டுவார். "நான் விட்டுட்டேன்டா, இனிமே என்கிட்ட கேக்காத" என்பதைக் குரல் நடுங்காமல் சொல்ல நாலு தடவை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரிசு கொடுப்பார்கள் என்கிறீர்களே, போதைக்காரனுக்குப் பரிசா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அப்பா கிடையாது. ஆய்வுகளில் நடப்பது இதுதான்: சொன்ன நாளில் வந்து, சிறுநீரில் கஞ்சா இல்லை என்றால் ஒரு சின்னத் தொகைக்கான கூப்பன். அடுத்த முறையும் இல்லை என்றால் கொஞ்சம் கூடுதல். இப்படி ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை வராவிட்டாலோ, கஞ்சா தெரிந்தாலோ மறுபடி முதல் படி. திட்டு கிடையாது. கஞ்சா கொடுக்கும் சுகம் அப்போதே கிடைக்கிறது, விட்டால் கிடைக்கும் நன்மை ஆறு மாதம் கழித்துத்தான் தெரிகிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை நிரப்பத்தான் பரிசு.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பணம் கொடுக்க வழியில்லை. வீட்டில் செய்யலாம், ஆனால் கையில் ரொக்கம் வேண்டாம். கவுன்சலிங்குக்குப் போய் வந்த அன்று அவருக்குப் பிடித்த சாப்பாடு, வாரக் கடைசியில் பைக் சாவி என்று முன்கூட்டியே பேசிவைத்து, சொன்னபடி கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்டால் அத்தோடு முடிந்தது.

நிறுத்தினால் உடம்புக்கு என்ன ஆகும்? ஆபத்தா?

குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே இராது என்பதும் பொய். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், கோபம், தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு, வியர்வை, தலைவலி தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கமும் விசித்திரமான கனவுகளும் ஒரு மாதத்துக்கு மேலும் தொந்தரவு செய்யலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். "விட்டதுலேருந்து மனுஷன் கடிச்சுத் துப்புறாரு, அடிச்சப்பவே நல்லா இருந்தாரு" என்று மனைவிமார் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல். பீடி, சிகரெட் தூளோடு கலந்துதான் பலர் அடிக்கிறார்கள். கஞ்சாவை விடும்போது நிகோடினும் குறைகிறது, இரண்டின் தொந்தரவும் சேர்ந்து வருகிறது. விட்டவர் தனி சிகரெட்டை அதிகமாக்கிக்கொள்வார், அந்த வாசனையே மறுபடி கஞ்சாவுக்கு இழுக்கும். புகையிலைப் பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு நல்ல மருந்துகளே இருக்கின்றன.

தூக்கம் வரவில்லை என்றால் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கலாமா?

கூடாது. டாக்டர் சில நாளுக்கு மட்டும் அளந்து கொடுப்பது வேறு. கஞ்சாவை விட்டு அல்பிராசோலம் போன்ற தூக்க மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம்.

எப்போதாவது அடிக்கிறவரும் அடிமையா?

இல்லை. இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் 2.8 சதவீதம் பேர், சுமார் 3.1 கோடி, ஒரு வருடத்துக்குள் கஞ்சாவோ, அதன் இலையை அரைத்துச் செய்யும் பாங்கோ எடுத்திருக்கிறார்கள் என்று 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வு சொல்கிறது. அதில் உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை உள்ளவர்கள் சுமார் 72 லட்சம்.

டாக்டர்கள் பதினொரு அடையாளங்களை வைத்துப் பார்ப்பார்கள். நினைத்ததைவிட அதிகம் அடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, வேலை கெடுவது, குடும்பச் சண்டை வந்தும் விடாதது, அளவைக் கூட்டினால்தான் ஏறுவது, நிறுத்தினால் உடம்பு படுத்துவது என்று போகும். ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே பிரச்சினை தொடங்கிவிட்டது, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். பாக்கெட்டில் ஒருநாள் பொட்டலம் கண்டதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடுவதே இல்லை. மாலையைக் கழற்றினதும் ஆரம்பித்துவிடுகிறார். இது நடிப்பா?

நடிப்பில்லை. அந்த நாளில் அவர் எழுகிற நேரம், குளியல், சாப்பாடு, கூட இருக்கும் ஆட்கள் எல்லாமே மாறிவிடுகிறது. "சாமி" என்று கூப்பிடுகிறவரிடம் யாரும் பீடியை நீட்டுவதில்லை. சிபிடியில் நாங்கள் மெனக்கெட்டு உண்டாக்கப் பார்க்கும் சூழலை ஊரே சேர்ந்து இலவசமாகக் கொடுக்கிறது. மாலையைக் கழற்றின மறுநாள் அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது, அதுதான் கோளாறு. மாலை போட்டிருக்கும்போதே, அந்த உடல் தொந்தரவெல்லாம் அடங்கின மூன்றாவது நான்காவது வாரத்தில் கவுன்சலிங்குக்குக் கூட்டி வாருங்கள். கழற்றினதற்கு அப்புறம் என்ன என்று தெளிந்த தலையோடு பேசலாம். கோயிலில் கயிறு கட்டுவதற்கும் இதே பதில்தான்.

யாரோ பேசுகிற மாதிரி கேட்கிறது, எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறார். இதுவும் பழக்கம்தானா?

இது அவசரம். கவுன்சலிங் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள், இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள். கஞ்சா சிலருக்கு இப்படி மனச்சிதைவைக் கிளப்பிவிடும். இதற்கு மருந்து உண்டு, வேலையும் செய்யும்.

நம் மாவட்டத்தில் எங்கே போவது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார்கள். எந்த நாள் என்று அங்கேயே விசாரித்தால் அலைச்சல் மிச்சம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி இருப்பதே ஓசூர் ரோட்டில்தான், போதைப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவும் உண்டு.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். போதைப் பழக்கத்துக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமா?

சிகிச்சைக்கு வந்தவர் சொன்னதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா அடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான். ஒரு கிலோ வரை சிறிய அளவு என்று கணக்கு. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. அடித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு கேட்கலாம். சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். விற்றவருக்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் இலவச சட்ட உதவி எண் 15100-ல் கேட்டுவிட்டு நடங்கள்.

ஒரு மையத்தில் மூன்று மாதம் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சான்றிதழைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். மனநல டாக்டர் யார், எந்த நாளில் வருவார், வீட்டுக்காரர்கள் எப்போது பார்க்கலாம் என்றும் கேளுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது எல்லாம் வைத்தியம் இல்லை, குற்றம். பூட்டி வைத்த மூன்று மாதமும் அவருக்கு அந்த டீக்கடைப் பின்பக்கத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பெங்களூரிலோ சென்னையிலோ மருந்து ஆய்வுக்குக் கூப்பிட்டால் சேரலாமா?

சேரலாம், கண்ணைத் திறந்துகொண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், 2009-லிருந்து இது கட்டாயம். பதிவு எண்ணை வாங்கி, படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்து இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழில் படித்தவர்கள் உண்டு. எந்த மொழி வசதியோ அதில் கேட்டு வாங்கலாம். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

ஆய்வு மருந்துக்குக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவும் நஷ்ட ஈடும் நடத்துகிறவர்கள் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. பிடிக்கவில்லை என்றால் எந்த வாரத்திலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலகினதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை அவர்கள் நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளையும், குரல் கேட்கும் நிலையில் இருப்பவர்களையும் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. வாரம் ஒன்றோ இரண்டோ தடவை போய்வர வேண்டியிருக்கும். அரூரிலிருந்து பெங்களூருக்கு மூன்று மாதம் வாராவாரம் லீவு போட முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பாதியில் நின்றால் உங்களுக்கும் ஆய்வு நடத்துகிறவர்களுக்கும் நஷ்டம். மருந்து இல்லாத பிரிவில் விழுந்தாலும் அந்தப் பேச்சு சிகிச்சை கிடைக்கும் என்பதால், போகமுடிந்தவருக்கு அது வீண் போகாது.

வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டை வாங்கிச் சோதிக்கலாமா?

தினமும் அடித்தவருக்கு நிறுத்தி மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் பட்டை பாசிட்டிவ் காட்டலாம், டிஎச்சி கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். உண்மையாகவே விட்டவரை "பொய் சொல்றே" என்று குற்றம் சொல்வதற்குத்தான் அது உதவும். சோதனையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. காலை ஓபி நேரத்துக்குள் போய்விடுங்கள். கூட ஒரே ஒருவர் போனால் போதும், மாமா சித்தப்பா என்று ஜீப் நிறைய வர வேண்டாம். "சும்மா காய்ச்சலுக்கு" என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள்; உள்ளே வந்ததும் தெரிந்துவிடும், அப்புறம் எங்களிடமும் வாய் திறக்க மாட்டார். டாக்டரிடம் அவரைத் தனியாகப் பேச விடுங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அன்று காலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம் பிடித்தாலும் அதற்காகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், அப்படியே வரட்டும். பைக்கை மட்டும் அவர் ஓட்ட வேண்டாம்.